போர்மட் செய்வதற்கு முன்

அண்மையில் ரொறன்ரோவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் ஓர் இளம்பெண். தன்னுடைய தாத்தா கொழும்பில் தமிழ்ப் பத்திரிகையொன்றின் அச்சுக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சுக்கோப்பாளராகப் பணியாற்றியவர் என்றும், நான் அவரை நீண்டதொரு பேட்டி கண்டிருப்பதாகத் தாயார் சொல்லியிருக்கிறார் என்றும், அதன் பிரதியொன்று கிடைக்குமா என்றும் மிகுந்த பணிவுடன் கேட்டிருந்தார். 'இல்லை' என்று ஒரு சொல்லில் பதில் எழுத எனக்கு மூன்று நாட்கள் பிடித்தன.

பேட்டி கண்டது உண்மை. 2007இல் நான்கு மாலைப் பொழுதுகள் அந்தப் பெரியவருடன் கழிந்தன. ஈய எழுத்துக்கள் அடுக்கிய பெட்டிகளுக்கு முன்னால் நின்றபடியே ஒரு வாழ்க்கையைக் கழித்த மனிதர். கண்ணாடியில் தெரிவதுபோல் தலைகீழாக இருக்கும் எழுத்தை, நேராக இருக்கும் எழுத்தைவிட வேகமாக வாசிப்பேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எந்த எழுத்துக்கு எந்த அறை, நள்ளிரவில் ஒரு மரணச் செய்தி வந்தால் முதற்பக்கத்தை எப்படிப் பிரித்துக் கட்டுவார்கள், 'ணை', 'லை' போன்றவற்றின் பழைய வடிவங்கள் மாறியபோது கைகள் எப்படித் தடுமாறின என்றெல்லாம் விரிவாகக் கூறினார். அனைத்தையும் பாமினி எழுத்துருவில் நானே தட்டச்சு செய்தேன். நாற்பது பக்கங்கள் வரும். ஒலிநாடாக்களை வழக்கம்போல அடுத்த பேட்டிகளுக்குப் பயன்படுத்திவிட்டேன். பத்திரிகையாளர் பலரிடமும் உள்ள கெட்ட பழக்கம் இது. பெரியவர் மறுவருட ஆரம்பத்தில் காலமானார்.

அந்த நாற்பது பக்கங்களும் அழிந்தது ஒரு கணனி தானாகவே நின்று நின்று மீண்டும் இயங்கத் தொடங்கியதால்தான். இன்னும் சரியாகச் சொல்வதானால், அந்தக் கோளாற்றினால் அல்ல. கோளாறு எதுவென்று கண்டறியாமலே அதற்குச் செய்யப்பட்ட வைத்தியத்தினால்.

2008இன் நடுப்பகுதியில் எனது மேசைக் கணனி நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை திரை இருண்டு, மறுபடியும் முதலிலிருந்து கிளம்பத் தொடங்கியது. கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் இணைப்பைக் கொடுத்து இரண்டு நிமிடம் பார்த்தார். "விண்டோஸ் பழுதாப் போச்சு. வைரஸாயும் இருக்கும். போர்மட் அடிச்சாச் சரி" என்றார். முக்கியமான கோப்புகள் இருக்கின்றனவே என்றேன். "மை டொக்யுமென்ற்ஸை எடுத்து வைக்கிறம்" என்றார். நானும் தலையசைத்தேன். என்னுடைய பாமினிக் கோப்புகள் அந்த இடத்தில் இல்லை, வேறொரு பெயரில் நான் உண்டாக்கிய கோப்புறையில் கிடந்தன என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. ஆகவே குற்றத்தில் பாதி என்னுடையது. அதை மறைக்கப் போவதில்லை.

புதிய விண்டோஸுடன் வீடு வந்த கணனி மூன்றாம் நாள் மறுபடியும் அதே வேலையைச் செய்தது. திரும்பக் கொண்டுபோனேன். இம்முறை ராம் மாற்றப்பட்டது. பயனில்லை. மூன்றாம் முறை, 'மதர்போர்ட் போய்விட்டது, புதிதாக எடுப்பதே புத்தி' என்றார்கள். கடைசியில் எங்கள் ஒழுங்கையில் இருந்த, தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி, ரோர்ச் லைற்றை அடித்துக் காட்டினான். புரோசசருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் சிறிய உருளைகளில் ஐந்தின் தலை, தட்டையாக இருக்க வேண்டியது, பொங்கிய அப்பம்போல் புடைத்திருந்தது. ஒன்றின் உச்சியில் பழுப்பு நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அவற்றைக் கழற்றிப் புதியவற்றை ஈயம் பற்றவைத்துக் கொடுத்தான். அந்தக் கணனி அதன்பின் மூன்றாண்டுகள் ஒரு குறையுமின்றி உழைத்தது.

அந்த உருளைகள் கொள்ளளவிகள். புரோசசருக்குப் போகும் மின்னோட்டத்தில் ஏற்ற இறக்கம் வராமல் சமப்படுத்திக் கொடுப்பது அவற்றின் வேலை. உள்ளே திரவ மின்பகுபொருள் இருக்கும். அதன் சேர்க்கை சரியில்லாவிட்டால் காலப்போக்கில் வாயு உண்டாகித் தலை புடைக்கும், பின் கசியும். சமப்படுத்தும் ஆற்றல் குறைந்ததும், கணனி சும்மா இருக்கையில் ஒன்றும் தெரியாது. வேலை கூடும்போது புரோசசருக்குப் போகும் வோல்ற்றளவு தடுமாறி, எல்லாம் நின்று மறுபடியும் தொடங்கும். இது என்னுடைய ஒரு கணனிக்கு நேர்ந்த விதிவிலக்கு அல்ல. 2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் தொடங்கிச் சில ஆண்டுகள் உலகம் முழுவதும் விற்பனையான மதர்போர்ட்டுகளில் தரங்குறைந்த கொள்ளளவிகள் பெருமளவில் புகுந்திருந்தன. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் நிறுவனம் இத்தகைய குறையுள்ள தனது ஒப்ரிபிளெக்ஸ் வகைக் கணனிகளைத் திருத்திக் கொடுப்பதற்காக 2005இல் 300 மில்லியன் டொலரை ஒதுக்க நேர்ந்தது. ஆகவே 2008இல் ஒரு கணனி திருத்துநருக்கு இது தெரியாத சங்கதியாக இருந்திருக்க நியாயமில்லை. பக்கத்தகட்டைக் கழற்றிப் பார்க்க நான்கு திருகாணிகள் போதும். அதைச் செய்யாமல் என் வன்தட்டைத் துடைத்தார்கள்.

என்னுடைய ஆத்திரம் அந்தக் கடைக்காரர் மீது மட்டுமல்ல. அவர் கெட்டவர் அல்லர் என்றே இன்றும் நினைக்கிறேன். நோயை அறிவதற்கு நாம் எவரும் பணம் கொடுப்பதில்லை, பொருளுக்குத்தான் கொடுக்கிறோம். 'இரண்டு மணித்தியாலம் சோதித்தேன், இன்ன இன்ன பகுதிகளில் பழுதில்லை' என்று ஒருவர் சொல்லிக் கூலி கேட்டால், 'ஒன்றுமே மாற்றவில்லையே, எதற்குக் காசு?' என்று கேட்பவர்கள்தானே நாம்? வைத்தியரிடம் போனால் மருந்துச் சீட்டு இல்லாமல் திரும்ப மனம் வராத அதே மக்கள். ஆகவே கடைக்காரர் எதைச் செய்தால் காசு தருவோமோ அதைச் செய்கிறார். போர்மட் செய்வதற்கு ஒரு கட்டணம் உண்டு. ராம் விற்றால் இலாபம் உண்டு. யோசிப்பதற்குக் கட்டணம் கிடையாது.

ஆனால் போர்மட் செய்வது வெறும் பயனற்ற வைத்தியம் அல்ல. தடயத்தை அழிக்கும் காரியம். பொலிஸார் வந்து பார்ப்பதற்கு முன்னரே கொலை நடந்த வீட்டைக் கழுவித் துடைப்பதற்குச் சமம். விண்டோஸ் தனக்கு நேர்ந்தவற்றைத் தானே குறித்து வைக்கும் பதிவேடு ஒன்று அதற்குள் இருக்கிறது. எத்தனை மணிக்கு நின்றது, நிற்கும்போது ஏதாவது பிழை இலக்கத்தைச் சொல்லிவிட்டு நின்றதா, அல்லது யாரோ கழுத்தை நெரித்ததுபோல் ஒரு சொல்லும் பேசாமல் நின்றதா என்பதெல்லாம் அதில் இருக்கும். இந்த வித்தியாசம் மிகப் பெரியது. நீலத்திரையில் இலக்கமொன்றைக் காட்டிவிட்டு நிற்கும் கணனிக்கு, நிற்பதற்கு முன் பேச ஒரு கணம் கிடைத்திருக்கிறது. ஏதோ ஒரு டிரைவரோ, ராமோ, வன்தட்டோ அதைத் தடுக்கி விழுத்தியிருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் நிற்பது பெரும்பாலும் மின்சாரத்தின் பக்கம் கையைக் காட்டுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து இன்று வரை, பாரதூரமான பிழை நேர்ந்தால் கணனி தானாகவே மறுபடியும் தொடங்கிக்கொள்ளும்படிதான் நமக்குத் தரப்படுகிறது. பலர் நீலத்திரையைக் காண்பதே இல்லை. கண் இமைப்பதற்குள் அது மறைந்துவிடும். கணனியின் பண்புகளுக்குள் போய், மேம்பட்ட அமைப்புகளில், தொடக்கமும் மீட்சியும் என்ற பகுதியில் உள்ள அந்த ஒரு சரி அடையாளத்தை நீக்கிவிட்டால் திரை நின்று பேசும். ஐந்து சதமும் செலவில்லாத முதற் சோதனை இது. நான் கேட்டுப் பார்த்த அளவில் பத்தில் எட்டுப் பேருக்கு இது தெரியவில்லை.

எல்லா மறுதொடக்கமும் வன்பொருளின் குற்றம் என்றும் சொல்ல வரவில்லை. 2003 ஓகஸ்டில் பிளாஸ்ரர் என்ற நச்சுநிரல் பரவியபோது, '60 செக்கனில் நிறுத்தப்படும்' என்ற அறிவித்தலுடன் உலகெங்கும் கணனிகள் விழுந்து எழுந்தன. எங்கள் ஆசிரியபீடத்திலும் அந்த அறுபது செக்கனுக்குள் செய்தியைச் சேமித்துக்கொள்ள அடித்துப்பிடித்தோம். 2024 ஜூலை 19ஆம் திகதி கிரவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரேயொரு பிழையான இற்றைப்படுத்தலால் சுமார் 85 இலட்சம் கணனிகள் நீலத்திரையில் வீழ்ந்தன என்பது மைக்ரோசொப்ட் சொன்ன கணக்கு. விமான நிலையங்கள் ஸ்தம்பித்தன. அன்றைக்கு எவராவது பவர் சப்ளையை மாற்றியிருந்தால் அது எவ்வளவு பெரிய மடமையாக இருந்திருக்குமோ, அவ்வளவு மடமைதான் கொள்ளளவி புடைத்த கணனிக்கு விண்டோஸைப் புதிதாகப் போடுவதும்.

குற்றவாளி வேறொருவரைக் கைகாட்டிவிடும் வழக்குகளும் உண்டு. இன்ரெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணனிப் புரோசசர்களுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டு மென்பொருள்கள் இடைநடுவில் வீழ்ந்தன. 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று திரை சொன்னது. இயல்பாகவே மக்கள் கிராபிக்ஸ் அட்டையைச் சந்தேகித்தார்கள். விலை கூடிய அட்டைகளைக் கழற்றி மாற்றியவர்கள் பலர். உண்மையில் புரோசசரே அளவுக்கு மிஞ்சிய வோல்ற்றளவைக் கேட்டு வாங்கித் தன்னைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தது. 2024இல் இன்ரெல் அதை ஒப்புக்கொண்டு திருத்தக் குறியீடுகளை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகளால் நீட்டியது. திரையில் வரும் வாசகம் சாட்சியின் வாக்குமூலம் மாத்திரமே, தீர்ப்பல்ல.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், எனது செய்தி ஆசிரியர் ஒரே வாயிலிருந்து வந்த செய்தியை மேசையில் வைக்கவே விடமாட்டார். 'இதை இன்னொருவர் சொன்னாரா?' என்பார். 'சொல்லவில்லை' என்றால் தாள் திரும்பி வரும். நாங்கள் அவரைத் திட்டியிருக்கிறோம். ஆனால் பழுதான இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது அவருடைய முகம்தான் எனக்கு நினைவு வருகிறது.

நாடளவிலும் இதே நோய்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். உலகம் சிரித்தது. குரங்கு பாய்ந்தது பொய்யல்ல. ஆயினும் ஒரு குரங்கு பாய்ந்தால் ஓரூர் இருளலாம். ஒரு தேசம் ஏன் இருள வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மின்தேவை குறைவு, சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம், ஆகவே ஒரு சிறு அதிர்ச்சியைத் தாங்கும் திராணி அந்தவேளை மின்வலையமைப்புக்கு இருக்கவில்லை என்ற விளக்கம் பின்னர்தான் வந்தது. தூண்டிய காரணம் வேறு, இடங்கொடுத்த காரணம் வேறு. கணனிப் பெட்டிக்குள்ளும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பணம் விரயமாகிறது.

இப்போது இதையெல்லாம் எழுதக் காரணம் ரொறன்ரோ மின்னஞ்சல் மட்டுமல்ல. அது வந்த அதே கிழமையில் எனது தற்போதைய கணனியும் தானாகவே மறுதொடக்கம் செய்யும் நோயில் விழுந்தது. பழைய நினைவு முதுகுத்தண்டில் குளிராக ஏறியது. இம்முறை எவரிடமும் கொண்டுபோவதில்லை என்று தீர்மானித்தேன்.

முதல் வேலையாக, எழுதியவை அனைத்தையும் வெளிவன்தட்டு ஒன்றிலும் மகளின் மடிக்கணனியிலும் பிரதி செய்தேன். நோயாளி மூச்சு விடும்போதே உயில் எழுதி வாங்குவது மாதிரித்தான். அடுத்தது, ஒரு கொப்பி எடுத்தேன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் திகதி, நேரம், அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன், வீட்டில் வேறென்ன நடந்தது என்று குறித்தேன். ஒன்பது நாட்களில் 14 தடவைகள். அவற்றில் 11, மாலை ஆறரை மணிக்கும் இரவு பத்தரை மணிக்கும் இடையில். விண்டோஸின் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் 'கேர்னல் பவர் 41' என்ற குறிப்பு இருந்தது. இதைக் கண்டவுடன் பலர் 'பவர் சப்ளை போய்விட்டது' என்று முடிவு கட்டுவதை அறிவேன். அந்தக் குறிப்பு சொல்வது அதுவல்ல. 'முறைப்படி மூடாமல் நின்றுவிட்டேன்' என்பது மட்டுமே அதன் பொருள். பிழை இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் சைபர் இருந்தது. அதாவது, பேச அவகாசம் கிடைக்காத மரணம்.

பெட்டியைத் திறந்தேன். இணைப்பைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகுதான், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. கொள்ளளவிகளின் தலைகள் தட்டையாகவே இருந்தன. தூசி இருந்தது, துடைத்தேன். (திருத்தும் பையன்கள் பவர் சப்ளைக்குள் காய்ந்துபோன பல்லி எடுத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். நம் ஊர்க் கணனிகளுக்கென்றே உள்ள வியாதி அது. என்னுடையதில் பல்லி இல்லை. பவர் சப்ளையின் உறையை நீங்களாகத் திறக்க வேண்டாம். இணைப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.) வெப்பத்தைப் பார்த்தேன்: வேலை செய்யும்போது 55 பாகை செல்சியஸ், பயமில்லை. ராமுக்கு மெம்ரெஸ்ற் 86 என்ற பழைய நண்பன் இருக்கிறான்; 1994இல் கிறிஸ் பிராடி என்பவர் எழுதிய நிரல், இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸுக்கு வெளியே, யூ.எஸ்.பி. துண்டிலிருந்து அதை இரவு முழுவதும் ஓடவிட்டேன். விடியும்போது பிழை எதுவும் இல்லை. விண்டோஸே இயங்காத அந்த இரவில் ஒன்பதரை மணிக்கு ஒரு தடவை அதுவும் நின்று முதலிலிருந்து தொடங்கியதை நான் கண்ணால் கண்டேன். விண்டோஸை அந்தக் கணமே குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டேன். போர்மட் செய்திருந்தால் ஒரு துரும்பும் அசைந்திராது.

எஞ்சியது மின்சாரம். கணனியின் பவர் சப்ளை, சுவரில் வரும் 230 வோல்ற்றை 12, 5, 3.3 வோல்ற்றுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஐந்து வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 12 வோல்ற் என்றால் 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கும்வரை அது மதர்போர்ட்டுக்கு 'சுகமாக இருக்கிறேன்' என்று ஒரு சமிக்ஞையை இடைவிடாது அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தச் சமிக்ஞை ஒரு கணம் அறுந்தாலும் மதர்போர்ட் எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கும். நாம் மறுதொடக்கம் என்று காண்பது பல வேளைகளில் இதைத்தான்.

மருமகன் ஒருவனிடம் இதே வலுவுள்ள பவர் சப்ளை மேலதிகமாக ஒன்று இருந்தது. "மாமா, வாங்கிறதுக்கு முந்தி என்ரையைப் போட்டுப் பாருங்கோ" என்று கொண்டுவந்து தந்தான். அன்று மாலை 7.10க்கும் கணனி விழுந்து எழுந்தது. ஆக, பவர் சப்ளையும் அல்ல. 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்ததிலிருந்து இங்கு கணனிப் பாகமொன்றை ஊகத்தின் பேரில் வாங்குவதென்பது விளையாட்டல்ல. ஒரு மாலைநேரக் கடனில் அந்தச் செலவு மிச்சமானது.

மறுபடியும் கொப்பியைப் பார்த்தேன். ஆறரையிலிருந்து பத்தரை வரை. இந்த நாட்டில் மின்சாரசபை உச்சத் தேவை நேரம் என்று வகுத்து வைத்திருப்பது சரியாக இந்த நான்கு மணித்தியாலங்களைத்தான். ஊரெல்லாம் விளக்கும் அடுப்பும் மின்விசிறியும் ஓடும் நேரம், வோல்ற்றளவு தாழ்ந்து எழும் நேரம். ஆனால் எனக்கும் சுவருக்கும் இடையில்தான் யூ.பி.எஸ். நிற்கிறதே, அது தாங்கிக்கொள்ள வேண்டுமே என்று யோசித்தவன், அந்த யோசனையிலேயே நின்றேன். 2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீண்ட அந்த நாட்களில் அது நாளுக்கு இரண்டு மூன்று முறை வற்றி வற்றி நிறைந்தது. அதற்குள் இருக்கும் பற்றரி ஈய அமிலப் பற்றரி. சாதாரணமாகவே மூன்று நான்கு ஆண்டுகள்தான் ஆயுள். அதைக் கடைசியாக எப்போது மாற்றினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

கணனியை யூ.பி.எஸ்.ஸிலிருந்து கழற்றி நேரே சுவரில் கொடுத்தேன். அன்றிரவு விழவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள், குற்றவாளியை ஒப்புக்கொள்ள வைப்பதற்காக, யூ.பி.எஸ்.ஸில் மேசைவிளக்கு ஒன்றைச் செருகி, அதன் சுவர் இணைப்பைப் பிடுங்கினேன். கிளிக் என்றொரு சத்தம். விளக்கு உடனே அணைந்தது. பற்றரி செத்து எவ்வளவு காலமோ தெரியாது. வோல்ற்றளவு சற்றுத் தாழ்ந்ததும் யூ.பி.எஸ். கடமை தவறாமல் பற்றரிக்கு மாறுகிறது. பற்றரியில் ஒன்றும் இல்லை. மின்சாரம் ஒரு கணம் அறுந்து, மீண்டும் சுவருக்கு மாறுகிறது. பவர் சப்ளை தன்னிடம் உள்ள இருப்பைக் கொண்டு தாங்கக்கூடியது சுமார் 16 மில்லிசெக்கன் மட்டுமே. அதற்குள் மின்சாரம் திரும்பாவிட்டால் சுகச் சமிக்ஞை அறுந்துவிடும். சுவரில் நேராகக் கொடுத்திருந்தால் கணனி கவனியாமலே விட்டிருக்கக்கூடிய ஒரு சிறு தாழ்வை, காவல்காரனே பெரிய வெட்டாக மாற்றிக்கொண்டிருந்தான். பற்றரியை மாற்றினேன். இது எழுதும்போது 17 நாட்கள். கொப்பியில் புதிய குறிப்பு எதுவும் இல்லை.

இத்தனைக்கும் நான் இலத்திரனியல் படித்தவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம், மின்சாரத்தைப் பற்றி அறிந்தது தொட்டால் அடிக்கும் என்பதுதான். நான் செய்ததெல்லாம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றியதும், மாற்றியதை எழுதி வைத்ததும், செலவில்லாத சோதனைகளை முதலில் செய்ததும்தான். ஒரே நாளில் ராமையும் பவர் சப்ளையையும் மாற்றி விண்டோஸையும் புதிதாகப் போட்டு, 'இப்போது சரி' என்பவர், எது பழுது என்று ஒருபோதும் அறியப்போவதில்லை. நீங்கள் மூன்றுக்கும் பணம் கொடுத்திருப்பீர்கள். இப்போது இணையத்தில் கேட்டால் பத்துக் காரணங்கள் கொண்ட பட்டியல் நொடியில் வருகிறது. பட்டியலில் பிழையிருக்காது. ஆனால் என் வீட்டில் மாலை ஆறரைக்குப் பிறகுதான் விழுகிறது என்பது எந்தப் பட்டியலுக்கும் தெரியாது.

கணனி திருத்தும் கடைகளுக்கு எனது வேண்டுகோள் மூன்று. சோதிப்பதற்கென்று தனியாக ஒரு கட்டணத்தைக் கூச்சமின்றிக் கேளுங்கள். நான் தருவேன், மற்றவர்களும் தரப் பழகட்டும். எதைச் சோதித்தீர்கள், என்ன கண்டீர்கள் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். வாகனம் திருத்துமிடத்தில்கூட எழுதித் தருகிறார்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, வன்தட்டைத் துடைப்பதற்கு முன் அதன் உரிமையாளரிடம் ஒவ்வொரு கோப்புறையாகக் காட்டிக் கேளுங்கள். 'மை டொக்யுமென்ற்ஸை எடுத்துவிட்டோம்' என்பது போதாது. அந்தப் பெட்டிக்குள் ஒருவருடைய கல்யாணப் படங்களோ, கடைக் கணக்கோ, இறந்துபோன ஒரு மனிதரின் நாற்பது பக்கப் பேச்சோ இருக்கலாம். பெட்டியின் விலை எல்லோருக்கும் தெரியும். இதற்கு விலை சொல்ல எவராலும் முடியாது.

ரொறன்ரோப் பெண்ணுக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். அவர் கோபிக்கவில்லை; அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. தாத்தா பயன்படுத்திய அச்சுக்கோப்புத் தண்டு ஒன்றைத் தாயார் எடுத்துவந்து வீட்டில் வைத்திருக்கிறார் என்று படம் அனுப்பியிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, நினைவில் எஞ்சியதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 'ணை'யும் 'லை'யும் எந்த அறையில் இருந்தன என்று அவர் சொன்னது எவ்வளவு முயன்றும் ஞாபகம் வரவில்லை. இதுவரை ஆறு பக்கங்கள். மூன்று இடங்களில் பிரதி இருக்கிறது.